நிறுத்தச் சொல்றீங்க

அந்த மனுஷரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிம்மதியாக நகர முடியாது. சொன்னதை அப்படியே நம்மிடமே திருப்பிச் சொல்லுவார். "நாளைக்கு லீவு, வர வேணாம்" என்றால் "நாளைக்கு லீவு, வர வேணாங்கிறீங்க" என்பார். மெதுவாகவா சொல்லுவார்? ஆற்றுக்கு அந்தக் கரையில் வலை காயப்போடுகிறவர்களுக்கும் நாளைக்கு லீவு என்று தெரிந்துவிடும். சொல்லிவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நாம் "ஆமா" என்றால்தான் காலை எடுத்து வைப்பார். எனக்கு ஆரம்பத்தில் அந்த ஆளைக் கண்டாலே எரிச்சல். காது நன்றாகத்தானே இருக்கிறது, பின்னே எதற்கு இந்த வேலை என்று தோன்றும்.

எங்கள் துறைமுகத்தின் இழுவைப்படகுக்கு அவர்தான் சாரங்கு, அதாவது ஓட்டுகிறவர். துறைமுகம் என்றவுடன் பெரிதாக ஏதும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஒரு கல் மேடை, சரக்கு அடுக்கி வைக்க இரண்டு கிட்டங்கி, மாடியில் ஓர் ஆபீஸ், அவ்வளவுதான். பெரிய கப்பல்கள் வெளியே கடலிலேயே நின்றுவிடும். சின்னச் சரக்குக் கப்பல்கள் மட்டும் கடல்தண்ணீர் ஆற்றுக்குள் ஏறுகிற நேரம் பார்த்து உள்ளே வரும். இழுவைப்படகு முன்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து மேடையோரம் சேர்க்கும். கப்பலின் மேல்தட்டில், அதை உள்ளே வழிகாட்டிக் கொண்டுவருகிற பைலட் ஐயா தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு "இழு", "மெதுவா", "விடு" என்று உத்தரவு கொடுப்பார். கீழே படகிலிருந்து நம்ம ஆள் "இழுக்கச் சொல்றீங்க" என்று கத்துவார். எனக்கு வேலை மாடி ஆபீசில், டைப்பிஸ்ட்டாக. தற்காலிகம். என் மேஜை ஜன்னலோரம் இருந்ததால் இந்த நாடகம் முழுவதும் எனக்குத்தான்.

டீக்கடையில் அவர் படுத்துகிற பாடு தனி. ஒரு டீ, சர்க்கரை கம்மி என்று சொல்லிவிட்டு நிற்பார். டீ மாஸ்டர் அதைத் திருப்பிச் சொன்னால்தான் பெஞ்சில் உட்காருவார். மாஸ்டரும் பழகிப்போய், இவர் தூரத்தில் வரும்போதே "ஒரு டீ, சர்க்கரை கம்மிங்கிறீங்க" என்று ஆரம்பித்துவிடுவார். அதற்கும் இவர் விடமாட்டார். நான் இன்னும் சொல்லவேயில்லையே என்பார்.

அவர் கல்யாணக் கதையை அவர் மச்சான்தான் எனக்குச் சொன்னது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அதே படகில் பின்பக்கம் கயிறு பார்க்கிற வேலை. சீர்திருத்தக் கல்யாணமாம். கரைவேட்டி கட்டிய தலைவர் ஒருவர் வந்து, ஆட்சிக்கு வந்ததிலிருந்து செய்ததையெல்லாம் இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, கடைசியில் மைக்கில் "மணமகன் இப்போது தாலி கட்டலாம்" என்றிருக்கிறார். மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, "கட்டலாங்கிறீங்க" என்று தலைவரையே பார்த்தாராம். பந்தலே சிரித்ததாம். தலைவர் "ஆமாம்" என்று மைக்கில் சொல்கிற வரைக்கும் கை கழுத்துப் பக்கம் போகவில்லையாம். மச்சான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரிக்கும்போது இவர் பக்கத்திலேயே நின்று, "ஆமா, சொன்னாரு, அப்புறந்தான் கட்டினேன்" என்று சீரியசாகச் சாட்சி சொல்வார். இரண்டு பேரும் அப்படி ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். ஒட்டின வீடு, நடுவில் ஒரே சுவர்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு மழை நாளில்தான் தெரிந்தது. லீவு விண்ணப்பம் அடித்துக் கொடுக்கச் சொல்லி வந்தவர் மழைக்கு ஆபீசிலேயே நின்றுவிட்டார். நானும் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஏண்ணே இப்படி எல்லாத்தையும் திருப்பிச் சொல்றீங்க என்று கேட்டேவிட்டேன். "ஏன் திருப்பிச் சொல்றேன்னு கேக்குறீங்க" என்றார். ஆமா என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் கீழ்வேளூர்ப் பக்கத்து ஆள். அப்பா பண்ணையாள். ஒருநாள் விடிகாலையில் பண்ணைக் காரியஸ்தர் வாய்க்கால் தலைப்பில் வந்து நின்று, கீழ மடையைத் திறந்து விடு என்றிருக்கிறார். அப்பா திறந்துவிட்டார். தண்ணீர் போய்ப் பக்கத்துப் பண்ணை நாற்றங்காலை மூழ்கடித்துவிட்டது. சண்டை வந்ததும் காரியஸ்தர், நான் எங்கே திறக்கச் சொன்னேன், இவனாகத் திறந்தான் என்று கையை உதறிவிட்டார். அப்பாவைக் களத்து மரத்தில் கட்டி அடித்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. பண்ணையிலிருந்து யார் வந்து என்ன உத்தரவு சொன்னாலும், அதைச் சத்தமாக அவரிடமே திருப்பிச் சொல்லுவது. களை பறிக்கிற பெண்கள், வரப்பில் போகிறவன் என்று நாலு பேர் காதில் விழவேண்டும். அப்புறம் அவர் "ஆமா" என்றால்தான் மண்வெட்டியைத் தொடுவது. பண்ணைக்காரர்களுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் தப்பு என்று சொல்லவும் வழியில்லை. சொன்னதைத்தானே சொல்கிறான்.

"கப்பல்லயும் இப்படித்தான் உத்தரவைத் திருப்பிச் சொல்லணும்னு பரீட்சையில கேட்டாங்க" என்றார். "எனக்கு அதைப் படிக்கவே தேவைப்படல."

அன்றைக்கு என் எரிச்சல் போய்விட்டது. எங்கள் வீட்டிலும் நடந்தது இதுதான். என் அப்பா இருபது வருஷம் குத்தகைக்கு உழுத நிலம். வாய்ச்சொல்லில் போட்ட குத்தகை. குத்தகைக்காரன் பெயரைப் பதிய வேண்டும் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்தவுடன், நிலத்துக்காரர் அப்படி ஓர் ஆளுக்கு நான் நிலமே விடவில்லை என்றார். யார் நிலத்தை யார் உழுகிறார்கள் என்று கணக்கப்பிள்ளை எழுதுகிற அடங்கலில் அப்பா பேர் இல்லை. கேஸ் நடந்துகொண்டிருந்தது. வீடு என் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் பைலட் ஐயா. பாவம், நல்ல மனுஷர். என் அப்பாவின் கஷ்டத்தைக் கேட்டு, ஆபீசரிடம் அவராகப் போய்ச் சொல்லி வைத்தார். வேலையை நிரந்தரம் பண்ணுகிற காகிதத்திலும் அவர்தான் பரிந்துரை எழுதியிருந்தார். அந்தக் காகிதம் ஆபீசர் மேஜையில் இருந்தது. இதையெல்லாம் நான் சாக்காகச் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்துதான் செய்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

சம்பா அறுப்புச் சமயம். கூலி உயர்வு கேட்டுச் சுற்றுவட்டாரம் முழுக்க வேலைநிறுத்தம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள்தானே, அவர்களும் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்துக்குப் போய்விட்டார்கள். எப்போதும் நூறு பேர் இரைந்துகொண்டிருக்கிற மேடையில் அன்றைக்கு ஒரு நாய் படுத்திருந்தது. கயிறு வாங்கிக் கட்ட இரண்டு பேர் தூரத்துக் கோடியில் நின்றார்கள். உர மூட்டையோடு ஒரு கப்பல் வெளியே காத்திருந்தது. இன்றைக்கு வேண்டாம் என்று நம்ம சாரங்கு காலையிலேயே சொல்லியிருக்கிறார். ஆபீசர் கேட்கவில்லை. வேலைநிறுத்தத்துக்காகக் கப்பல் வெளியே நின்றது என்று மேலே தெரிந்தால் அவருக்குப் பதில் சொல்ல வேண்டிவருமாம்.

பதினொரு மணிவாக்கில் கப்பல் ஆற்று வாய்க்குள் வந்தது. முன்னால் கயிற்றோடு இழுவைப்படகு. கடல் ஏறுகிற நேரம். அந்தத் தண்ணீர் இருந்தால்தான் கப்பலுக்கு ஆழம் கிடைக்கும். அதே தண்ணீர்தான் கப்பலைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டும் வரும். நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்து நின்றேன். கப்பலின் மேல்தட்டு என் ஜன்னலுக்கு நேராக வந்தது. பைலட் ஐயாவின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது.

அவர் குழாயை எடுத்து, "டக்கு, எஞ்சினை நிறுத்து" என்றார். இழுவைப்படகை அவர் டக்கு என்றுதான் கூப்பிடுவார்.

சாரங்கு திரும்பிப் பார்த்தார். கப்பல் வேகம் குறையவில்லை என்று எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாமல் இருக்குமா? இரண்டு கையையும் வாயருகே குவித்து, "எஞ்சினை நிறுத்தச் சொல்றீங்க" என்று கத்தினார்.

"ஆமா, நிறுத்து."

"கப்பல் வந்துக்கிட்டிருக்குங்க ஐயா. நிறுத்தச் சொல்றீங்க."

"நிறுத்துய்யா."

மூன்றாவது தரமும் கேட்டார். "நிறுத்தச் சொல்றீங்க."

"ஆமா!"

சாரங்கு எஞ்சின்காரருக்கு மணியடித்தார். கீழே எஞ்சின் நின்றது. பைலட் ஐயா அப்புறம்தான் கப்பல்காரர்கள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். முதலில் கப்பலை நிறுத்திவிட்டுப் படகை நிறுத்த வேண்டியவர், வரிசையை மாற்றிவிட்டார். தண்ணீரை வெள்ளையாக நுரைக்க வைத்துக்கொண்டு கப்பலின் எஞ்சின் பின்னால் இழுக்கப் பார்த்தது, ஆனால் கப்பல் நிற்கவில்லை. கயிறு தொய்ந்து தண்ணீரில் விழுந்தது. கப்பலின் முகம் போய்ப் படகின் பின்பக்கத்தில் ஏறியது. பெரிய சத்தம்கூட இல்லை. தகர டப்பாவை மிதித்தது போல ஒரு சத்தம். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேடைக் கல்லில் உரசி நின்றது. பின்னால் கயிற்றுக் கட்டையோரம் நின்ற மச்சானின் கால் நசுங்கிவிட்டது.

அவரைத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

விசாரணை எங்கள் ஆபீசிலேயே நடந்தது. ஆபீசர் நாற்காலியில். பைலட் ஐயா எதிரே. சாரங்கு நின்றுகொண்டிருந்தார். நான் நோட்டும் பென்சிலுமாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கப்பல்காரர்கள் யாருக்கும் தமிழ் தெரியாது. படகில் எஞ்சின் பார்த்தவர் கீழே இருந்தார், அவருக்கு மணிச் சத்தம் மட்டும்தான். மச்சான் புகைபோக்கியின் இரைச்சலுக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர். தூரத்தில் கயிறு வாங்க நின்ற இரண்டு பேரும் காற்றில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். நாலு பேர் காதில் விழவேண்டும் என்றுதானே அந்த மனுஷர் வாழ்நாளெல்லாம் கத்தினார். அன்றைக்குப் பார்த்து நாலு பேர் இல்லை.

சாரங்கு நடந்ததை நடந்தபடி சொன்னார். மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் ஆமா என்றார், நிறுத்தினேன் என்றார். ஆபீசர் பைலட் ஐயாவைப் பார்த்தார். பைலட் ஐயா தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் நிறுத்தச் சொல்லல. அவராத்தான் நிறுத்தினார்" என்றார்.

"நீங்க நிறுத்தச் சொல்லல, நானாத்தான் நிறுத்தினேங்கிறீங்க" என்றார் சாரங்கு. வழக்கம்போல முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பைலட் ஐயா வாயிலிருந்து அந்த "ஆமா" வரவில்லை. வேர்த்துக் கொட்டியது அவருக்கு. ஓய்வு பெற ஒன்றரை வருஷம்தான் இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

சாரங்கு ஆபீசர் பக்கம் திரும்பி, டைப்பம்மா ஜன்னல்லதான் நின்னாங்க, அவங்களைக் கேளுங்க என்றார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். அவர் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. அதில் என் காகிதம் இருந்ததா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இருந்ததாகத்தான் அன்று எனக்குத் தோன்றியது.

"எனக்கு எதுவும் கேக்கல சார்" என்றேன். "டைப் அடிச்சிக்கிட்டிருந்தேன்."

சாரங்கு என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை. டீக்கடையில் நிற்கிற மாதிரிதான் நின்றார். "டைப் அடிச்சிக்கிட்டிருந்தீங்க, உங்களுக்கு எதுவும் கேக்கலைங்கிறீங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் திருப்பிச் சொல்வது நாலு பேருக்காக மட்டும் இல்லை. சொன்னவர் தன் வாய்ச்சொல்லைத் தானே ஒருதரம் கேட்டுவிட்டு, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளட்டும் என்று கொடுக்கிற அவகாசம் அது. மூன்று தரம் பைலட் ஐயாவுக்குக் கொடுத்தார். இப்போது எனக்குக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"ஆமா" என்றேன். பைலட் ஐயாவுக்கே வராத வார்த்தை எனக்கு வந்துவிட்டது.

வாக்குமூலத்தை நானே டைப் அடித்து, நானே படித்துக் காட்டினேன். சாரங்கு தான் சொன்ன வரிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மாடிப்படியில் இறங்கும்போது என்னைப் பார்த்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "நான் மூணு தரம் கேட்டுக்கிட்டு நின்ன நேரத்துல கயித்தை அவுத்துட்டு வெலகியிருக்கலாம் டைப்பம்மா. மச்சான் காலு தப்பிச்சிருக்கும். அதை மட்டும் யாரும் என்னைக் கேக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உத்தரவில்லாமல் எஞ்சினை நிறுத்தியதாக எழுதி, அவரைச் சாரங்கு வேலையிலிருந்து இறக்கிக் கயிறு இழுக்கிற வேலையில் போட்டார்கள். உத்தரவைக் கையில் வாங்கிக்கொள்ளாமல் தாலிகூடக் கட்டாத மனுஷரைப் பற்றி இப்படி எழுதினார்கள். அடித்தது நான்தான், மூன்று பிரதி, கார்பன் வைத்து. இரண்டு மாதத்தில் எனக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. அப்பா சந்தோஷத்தில் கோயிலுக்குப் போனார். நான் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

மச்சான் ஊன்றுகட்டையோடு வீடு திரும்பியதும் முதலில் சொன்னது, உன்னை நம்பித்தானே பின்னால் நின்றேன், யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்பதுதான். சர்க்கார் காகிதத்தில் அப்படித்தானே இருக்கிறது. அதோடு பேச்சு நின்றது. அண்ணன் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் பொங்கல் வைத்தால் அந்தப் பக்கம் வாசனை போகும். ஆள் போகமாட்டார்கள்.

இதைவிட ஒன்று. அவர் திருப்பிச் சொல்வதை விட்டுவிட்டார். புதுச் சாரங்கு எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுப் போவார். டீக்கடையில் மாஸ்டர் பழைய பழக்கத்தில் "ஒரு டீ, சர்க்கரை கம்மிங்கிறீங்க" என்று ஆரம்பிப்பார். இவர் எதுவும் சொல்லாமல் கொடுத்ததைக் குடித்துவிட்டுப் போவார். ஆபீசுக்கு வந்தால் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவார். எந்தப் பழக்கம் எனக்கு எரிச்சலாக இருந்ததோ, அது இல்லாமல் அந்த மனுஷர் படியிறங்கிப் போவதை நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

பதினோரு வருஷம் இப்படியே போனது. ஆட்சி மாறி ஆபீஸ் சுவரில் முதலமைச்சர் படமும் மாறியது. ஆபீசர் மாற்றலாகிப் போனார். அப்பா கேஸ் தோற்றார். பைலட் ஐயா ஓய்வு பெற்று, மகன் வீட்டில் இறந்துபோனார். அவர் இறந்த செய்தி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சாரங்கு வீட்டுக்குப் போனேன். யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று ஆன பிறகு வந்த தைரியம். அதற்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது?

வாசலில் அவர் சைக்கிள் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, பஞ்சர் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி உள்ளே எதையோ தாளித்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாடியது. உட்காருங்க என்றார். நான் உட்காரவில்லை.

"அண்ணே, அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சு" என்றேன். "பைலட் ஐயா நிறுத்தச் சொன்னாரு. நீங்க மூணு தரம் கேட்டீங்க. மூணு தரமும் ஆமான்னாரு. எல்லாம் கேட்டுச்சு."

அவர் டியூபைத் திருப்பித் திருப்பி அமுக்கினார். குமிழி ஒன்றும் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு விட்டுவிடப் போகிறார் என்று நினைத்தேன். அப்புறம் டியூபைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார்.

"பைலட் ஐயா நிறுத்தச் சொன்னாரு, நான் மூணு தரம் கேட்டேன், மூணு தரமும் ஆமான்னாரு, அது அத்தனையும் உங்க காதுல விழுந்துச்சுங்கிறீங்க."

அந்தப் பழைய குரல். எதிர்வீட்டுப் பெண் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே தாளிப்புச் சத்தம் நின்றது. சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடியும், தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஆமாண்ணே, விழுந்துச்சு" என்றேன்.

ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள். கட்டை தரையில் ஊன்றுகிற சத்தம் இரண்டு, மூன்று முறை கேட்டது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மச்சானின் குரல் வந்தது.

"பைலட்டு நிறுத்தச் சொன்னான், டைப்பம்மா காதுல விழுந்துச்சுங்கிற."

சாரங்கு சுவர்மேல் கையை வைத்துக்கொண்டார். "ஆமா மச்சான்" என்றார்.